டைடோ பதிவுகளில் ஒன்றே ஒன்று என்றால் எது?

சரி, நேராக விஷயத்துக்கு வருகிறேன். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்து இசையமைப்பாளர் ஹென்றி பர்செலின் ‘டைடோ அண்ட் ஈனியஸ்’ ஓபராவுக்கு (ஓபரா என்றால் பாட்டாகவே நடக்கும் நாடகம்) வீட்டில் ஒரே ஒரு பதிவுதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் எதை வைத்துக்கொள்வது? பரோக் (சுமார் 1600 முதல் 1750 வரையிலான ஐரோப்பிய இசைப் பாணி) ஓபராவில் இப்படி உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான படைப்பு கிடையாது. ஹாண்டலின் ஓபரா ஒன்றை எடுத்தால் மூன்று, மூன்றரை மணி நேரம் ஓடும், நாலு பதிவைக் கேட்டு முடிப்பதற்குள் முதலாவது மறந்தே போய்விடும். இது மொத்தம் ஒரு மணி நேரம். இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று போட்டால் தூங்கப் போவதற்குள் முடிந்துவிடுகிறது. நான் இரண்டு மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், வீட்டில் “இந்தம்மா தினமும் செத்துக்கிட்டே இருக்காங்களே, ஒரு நாளாவது விடக் கூடாதா” என்று கேட்கும் அளவுக்கு.

கதை தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கார்தேஜ் அரசி டைடோ, கணவனை இழந்தவள். ட்ராய் எரிந்த பிறகு கப்பலில் வந்து ஒதுங்கிய இளவரசன் ஈனியஸ் மேல் அவளுக்கு மனம் போகிறது. அவளைப் பிடிக்காத ஒரு சூனியக்காரி தன் ஆவி ஒன்றைத் தேவதூதன் வேஷத்தில் அனுப்பி, “உடனே கிளம்பு, இத்தாலிக்குப் போ” என்று அவனிடம் சொல்ல வைக்கிறாள். அவன் கிளம்புகிறான். அவள் சாகிறாள். மூலக்கதை வெர்ஜிலின் ‘ஈனிட்’ காவியத்தின் நாலாவது பகுதி, ஆனால் சூனியக்காரிகள் அங்கே கிடையாது. அவர்கள் இதற்கு வசனம் எழுதிய நஹும் டேட்டின் கைங்கரியம்.

இங்கே பெரும்பாலும் எல்லோரும் ஒரு தப்பு செய்கிறோம், நானும்தான் செய்தேன். எந்தப் பதிவு நல்லது என்று பார்க்க நேராகக் கடைசிப் பாட்டுக்குப் போய்விடுகிறோம். ‘வென் ஐ ஆம் லெய்ட் இன் எர்த்’, டைடோவின் புலம்பல். ஓபராவே கேட்காதவர்களுக்கும் இது எங்காவது காதில் விழுந்திருக்கும். ஆனால் அந்தப் பாட்டை வைத்துப் பதிவைத் தேர்ந்தெடுப்பது, கல்யாண வீட்டில் பாயசத்தை மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டு சமையல்காரரை முடிவு செய்வது மாதிரி. பாயசம் அநேகமாக எல்லோருக்கும் நன்றாகத்தான் வரும்.

ஏன் வரும் என்றால், பாட்டு கட்டப்பட்ட விதம் அப்படி. முதலில் கீழ் ஸ்தாயி வாத்தியங்கள் மட்டும் தனியாக ஒரு வரி வாசிக்கும். அரை சுரம் அரை சுரமாகப் படி இறங்குகிற வரி, ஐந்து தாளக்கட்டு நீளம். அந்த ஒரே வரி பாட்டு முடியும்வரை மாறாமல் மொத்தம் 11 தடவை சுற்றி வருகிறது. மேலே டைடோவின் குரல் அந்தச் சுற்றோடு ஒட்டாமல் போகிறது: கீழே வரி முடிகிற இடத்தில் அவள் வாக்கியம் முடிவதில்லை, அவள் மூச்சு விடுகிற இடத்தில் கீழே நிற்பதில்லை. அப்புறம் ‘ரிமெம்பர் மீ’ என்ற அந்த நாலு அசை. சோகத்தைக் காட்ட எத்தனையோ வளைவு நெளிவு போட்டிருக்கலாம், பர்செல் நாலு அசைக்கும் ஒரே சுரத்தை வைத்துவிட்டார். என்னை நினைத்துக்கொள், ஆனால் ஐயோ, என் விதியை மறந்துவிடு. பின்னால் அது மேலே ஏறிக் கூவுகிறது. குரல் ஓய்ந்த பிறகு, அதுவரை கீழே இருந்த இறக்கத்தை வயலின்கள் மேலே எடுத்துக்கொள்கின்றன. இவ்வளவும் எழுதியே வைத்திருக்கும்போது, சுதி சேர்ந்த பாடகி ஒருத்தி பெரிதாக எதையும் கெடுக்காமல் பாடினாலே கண் கலங்கும். ஆகவே அதைத் தேர்வுத்தாளாக வைப்பதில் பிரயோஜனம் இல்லை, எல்லோரும் பாஸ்.

என் தேர்வுத்தாள் அதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. மூன்றாவது அங்கத்தில் ஈனியஸ் தயங்கித் தயங்கி வந்து, தேவர்கள் கட்டளை, போகத்தான் வேண்டும் என்கிறான். டைடோ அவனைப் பார்த்து, நைல் நதிக்கரையில் முதலையும் இப்படித்தான் அழும் என்கிறாள். நம்முடைய முதலைக் கண்ணீர்தான், அப்படியே. சண்டை சூடு பிடிக்கிறது, அவன் பயந்துபோய் “சரி, போகவில்லை, தேவர்கள் சொன்னாலும் இருந்துவிடுகிறேன்” என்கிறான். ஒரு சாதாரண கதையில் இந்த இடத்தில் சமாதானம் ஆகியிருக்கும். அவள் சொல்கிறாள்: நீ இப்போது என்ன முடிவு எடுத்தாலும் சரி, என்னை விட்டுப் போகலாம் என்று ஒரு தடவை உனக்குத் தோன்றியதே, அது போதும். போ. எனக்கு இந்த ஓபராவின் முள் அந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது. அதைச் சொல்லும்போது டைடோ அரசியாக இருக்கிறாளா, கோபித்துக்கொண்ட காதலியாக இருக்கிறாளா, இல்லை அழகான குரலாக மட்டும் இருக்கிறாளா? அதற்குப் பிறகு ஒரு கோரஸ், உடனே தோழி பெலிண்டாவிடம் “உன் கையைக் கொடு, இருட்டுகிறது” என்கிற சில வரிகள், அப்புறம்தான் புலம்பல். அந்தச் சில வரிகளிலேயே பாதி உயிர் போயிருக்க வேண்டும்.

இன்னொரு கேள்வி சூனியக்காரிகள். ‘ஹோ ஹோ ஹோ’ என்று சிரிக்கிற கோரஸ் எழுதியிருக்கிறார் பர்செல். அது பயமா வேடிக்கையா என்பதை வாத்தியக் குழுவை நடத்துகிற ஒவ்வொரு கண்டக்டரும் முடிவு செய்தாக வேண்டும் (பஸ் கண்டக்டர் ஞாபகம் வராமல் இந்தச் சொல்லை என்னால் எழுத முடிவதில்லை, ஆனால் வேறு சொல்லும் வாயில் வருவதில்லை).

முடிவு செய்தாக வேண்டும் என்று சொல்லக் காரணம், பர்செல் கைப்பட எழுதிய பிரதி எதுவும் நம்மிடம் இல்லை. 1689-க்குள் லண்டனுக்குப் பக்கத்தில் செல்சியில், நடன ஆசிரியர் ஜோசியஸ் பிரீஸ்ட் நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளியில் இது அரங்கேறியிருக்கிறது, அதற்கும் முன்பே அரசவையில் நடந்திருக்கும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. பர்செல் 36 வயதில், 1695-இல் இறந்துவிட்டார். இன்று நாம் நம்பியிருக்கும் மிகப் பழைய இசைப்பிரதி அவர் இறந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து எழுதப்பட்டது. முன்னுரைக் காட்சியின் இசை போய்விட்டது, இரண்டாவது அங்கத்தின் முடிவில் வசனப் புத்தகத்தில் இருக்கிற சூனியக்காரிகள் கோரஸுக்கு இசை இல்லை. சிலர் பர்செலின் வேறு படைப்பிலிருந்து எடுத்து ஒட்டுகிறார்கள், சிலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். சூனியக்காரி பெண் குரலா ஆண் குரலா என்பதில்கூட ஒருமித்த கருத்து கிடையாது. ஆக, இரண்டு பதிவு வித்தியாசமாக இருந்தால் அது பாணி வித்தியாசம் மட்டும் இல்லை, சில இடங்களில் படைப்பே கொஞ்சம் வேறு.

பெரிய குரல்களிலிருந்து ஆரம்பிக்கிறேன். கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட், 1952. வாக்னர் ஓபராக்களில் கப்பல் சங்கு மாதிரி முழங்கிய நார்வேக்காரர், அப்போது வயது 56. அதற்கு முந்தைய வருடம் லண்டனில் பெர்னார்ட் மைல்ஸ் என்ற நடிகர் தன் வீட்டுத் தோட்டத்தில் கட்டிய சின்ன நாடக அரங்கில் டைடோவாகப் பாடினார், சம்பளத்துக்குப் பதில் தினமும் கறுப்பு பீர் என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டு. பதிவில் பெலிண்டாவாக எலிசபெத் ஷ்வார்ட்ஸ்கோப் பாடுகிறார், இன்னும் சில சின்ன பாத்திரங்களையும் அவரே எடுத்துக்கொள்கிறார். அதே வருடம் ஃபிளாக்ஸ்டாட் பாடிய வாக்னரின் ‘டிரிஸ்டன்’ பதிவில் அவருக்கு எட்டாமல் போன உச்ச சுரங்களைப் பாடிக் கொடுத்ததும் இதே ஷ்வார்ட்ஸ்கோப்தான் என்பது ஊரறிந்த ரகசியம். கேட்டால் என்ன தோன்றுகிறது? பிரமாண்டம். கோயில் யானை சந்துக்குள் நடந்து வருவது மாதிரி, பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் சந்து நெரிகிறது. அந்த முதலை வரியை அவர் சொல்லும்போது ஈனியஸ் ஏன் கப்பலேறவில்லை என்று நமக்கே தோன்றும்.

ஜெஸ்ஸி நார்மனின் 1980-களின் நடுவில் வந்த பதிவும் (ரேமண்ட் லெப்பர்ட் நடத்தியது, தாமஸ் ஆலன் ஈனியஸ்) இதே சாதி. குரல் என்றால் அது குரல், மறுப்பதற்கில்லை. புலம்பல் மட்டும் வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அங்கே டைடோ தெரியவில்லை, ஜெஸ்ஸி நார்மன்தான் தெரிகிறார். விக்டோரியா டி லாஸ் ஏஞ்சலெஸ் 1960-களில் பாடியதைப் பற்றி ஒரு வரி போதும்: இனிமை, ரொம்ப இனிமை, முதலைக்கும் இனிமை.

இதற்கு நேர் எதிர்முனை 1981-இல் வந்த ஆண்ட்ரூ பாரட்டின் பதிவு, எம்மா கர்க்பி டைடோ. அதுவரை கேட்டுவிட்டு இதைப் போட்டால், யாரோ ஜன்னலைத் திறந்து விட்ட மாதிரி இருக்கும். சின்னக் குழு, பழைய காலத்து வயலின்கள், குரலில் நடுக்கம் அநேகமாக இல்லவே இல்லை. பழைய வாத்தியக் குழுக்கள் பொதுவாக இன்றைய சுதிக்கு அரைக் கட்டை கீழே வைத்துக்கொள்வார்கள் (ஒரே சுரத்துக்கு வினாடிக்கு 440 அதிர்வுக்குப் பதில் 415), அதனால் உச்சத்தில் கத்த வேண்டியதில்லை, பேசுகிற குரலுக்குப் பக்கத்திலேயே பாட முடிகிறது. பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் நடித்த நாடகம் என்பது இங்கேதான் எனக்கு முதல் முறை நம்பும்படி இருந்தது. சூனியக்காரியாக ஜாண்டினா நூர்மன் மூக்கால் இழுத்து, கீச்சிட்டு, கிழவி மாதிரி பாடுகிறார். பாதிப் பேருக்கு அது பிடிக்காது, எனக்கு ரொம்பப் பிடிக்கும். குறை என்னவென்றால், கர்க்பியின் டைடோ நமக்கு இரக்கம் வரவைக்கிறாள், பயம் வரவைப்பதில்லை. “போ” என்று அவள் சொன்னால் ஈனியஸ் இன்னும் இரண்டு தடவை கெஞ்சிப் பார்க்கலாம், தப்பில்லை என்று தோன்றும்.

இந்த உலகம் எவ்வளவு சின்னது என்பதற்கு ஒரு விஷயம். அந்தப் பதிவில் ஈனியஸாகப் பாடிய டேவிட் தாமஸ், சுமார் பத்து வருடம் கழித்து கிறிஸ்டோபர் ஹாக்வுட்டின் பதிவில் சூனியக்காரி! கட்டைக் குரலில், ஆணாகவே. விளையாட்டுக்காக இல்லை, 1700-இல் லண்டன் மேடையில் ஓர் ஆண் அந்தப் பாத்திரத்தைப் பாடியதற்குச் சான்று இருக்கிறது. அதே பதிவில் எம்மா கர்க்பி பெலிண்டா ஆகிவிட்டார், டைடோ காத்தரின் பாட். காற்று, இடி எல்லாம் பழைய நாடக மேடை இயந்திரங்களை வைத்து எழுப்பியிருக்கிறார்கள், முதல் முறை ஹெட்போனில் கேட்டபோது வெளியே மழை என்று நினைத்து மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். இப்படித்தான் லின் டாசனும்: ட்ரெவர் பின்னக்கின் பதிவில் பெலிண்டா, பத்து வருடம் போல் கழித்து ரெனே யாகோப்ஸின் பதிவில் டைடோ. தோழியாக இருந்து அரசியானவர், அதனால்தானோ என்னவோ அவருடைய டைடோ யாரையும் அதட்டுவதில்லை.

பின்னக் பதிவை எல்லோரும் பாதுகாப்பான தேர்வு என்பார்கள். டைடோ ஆன் சோஃபி வான் ஓட்டர், சுத்தமான உச்சரிப்பு, சுத்தமான சுதி, எல்லாமே சுத்தம். விருந்தாளி வரும்போது போடலாம். எனக்கு அதில் யார் மேலும் யாருக்கும் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. சாரா கானலி 2008 வாக்கில் பதிவு செய்தது அதைவிட ஒரு படி மேல், சண்டைக் காட்சியில் அவர் உண்மையிலேயே காயப்பட்ட மாதிரி இருக்கிறது, ஈனியஸாக ஜெரால்ட் ஃபின்லி. ஈனியஸ் பாவம், ஓபராவின் பாதிப் பெயர் அவனுடையது, அவனுக்கென்று ஒரு முழுப் பாட்டுக்கூட பர்செல் எழுதவில்லை. பேச்சுப் பாணியில் வரும் சில பகுதிகளை வைத்தே ஆள் யார் என்று காட்ட வேண்டும். ஃபின்லி அதைச் செய்கிறார், யாகோப்ஸ் பதிவிலும் அவர்தான் ஈனியஸ். புதிதாக ஒலித்தெளிவோடு வேண்டும், பழைய வாத்தியமும் வேண்டும், டைடோவுக்கு முதுகெலும்பும் வேண்டும் என்றால் கானலியை வாங்குங்கள், திருப்பித் தர மாட்டீர்கள்.

எம்மானுவெல் ஆய்ம் 2003-இல் வெளியிட்டது வேறு ரகம். வேகம், துள்ளல், நாடகம். சூசன் கிரஹாம் டைடோ, அவரும் நன்றாகத்தான் பாடுகிறார். ஆனால் அதில் என்னைக் கட்டிப்போட்டது ஃபெலிசிட்டி பால்மரின் சூனியக்காரி. கேலிக்கூத்து இல்லை, மூக்கால் பாடுவது இல்லை, வயதான ஒரு பெண்ணின் கறுவிக்கொண்டிருக்கும் வெறுப்பு அப்படியே வருகிறது. டைடோ நன்றாக இருக்கிறாள் என்பதே அவளுக்குப் போதுமான காரணம் என்று நம்பிவிடுவோம். ஈனியஸ் மட்டும் இயன் பாஸ்ட்ரிட்ஜ், பெரும்பாலும் பாரிடோன்கள் (நடுத்தர ஆண் குரல்) பாடும் பாத்திரத்தில் ஒரு டெனர் (உயர்ந்த ஆண் குரல்), ரொம்பப் படித்த பையன் மாதிரி இருக்கிறார், போரில் தப்பித்தவன் மாதிரி இல்லை.

அப்புறம் தியோடோர் குரென்ட்ஸிஸ். சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்கில் பதிவானது, சிமோன் கெர்மெஸ் டைடோ. இதைப் பற்றி யாரும் நடுவில் நின்று பேச முடியாது. வேகமான இடம் பறக்கும், மெதுவான இடம் நின்றே போகும், புலம்பல் கிட்டத்தட்ட காதோடு கிசுகிசுப்பு. முதல் தடவை எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூன்றாவது தடவை, “சரி, சரி, புரிகிறது, நீங்கள் மெதுவாகப் பாடுகிறீர்கள்” என்று ஆகிவிட்டது. ஒரே பதிவு வைத்துக்கொள்ள வேண்டியவன் மூன்றாவது தடவையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

இப்போது ஜேனட் பேக்கர், 1961. ஆன்டனி லூயிஸ் நடத்தியது, இங்கிலீஷ் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா. இந்தப் பெயரை நான் கடைசிவரை தள்ளிக்கொண்டே வந்ததற்குக் காரணம், எந்தப் பழைய ஆளைக் கேட்டாலும் யோசிக்காமல் இதைத்தான் சொல்வார், எனக்கு அப்படி யோசிக்காமல் சொல்வதில் ஒரு எரிச்சல். குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றைய வாத்தியங்கள், இன்றைய சுதி. கோரஸ் கொஞ்சம் தேவாலய வாசனை. சூனியக்காரிகள் பள்ளி ஆண்டு விழாவில் டீச்சர்கள் போட்ட நாடகம் மாதிரி, பயமும் இல்லை, சிரிப்பும் சுமார்தான். ஈனியஸ் ரைமண்ட் ஹெரிங்க்ஸ் கனமான குரல், மரத்தில் செதுக்கிய மாதிரி.

ஆனால் பேக்கருக்கு அப்போது 28 வயது, பெரிய பெயர் எதுவும் வரவில்லை. முதல் அங்கத்தில் ‘ஆ பெலிண்டா’ என்று ஆரம்பிக்கும்போதே (அதுவும் கீழே ஒரே வரி சுற்றிச் சுற்றி வருகிற பாட்டுதான்) இவளுக்கு முடிவு தெரியும் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. சண்டைக் காட்சியில் முதலை வரியை அவர் கத்துவதில்லை. சொல்லை மென்று துப்புகிறார், கேவலம், இதற்கா நான், என்கிற மாதிரி. அப்புறம் அந்த வாக்கியம், ஒரு தடவை உனக்குத் தோன்றியதே என்பது. மற்றவர்கள் எல்லோரும் அதைக் கோபமாகவோ துக்கமாகவோ பாடினார்கள். பேக்கர் அதைத் தீர்ப்பு படிக்கிற மாதிரி பாடுகிறார், அதுவும் தீர்ப்பு அவனுக்கு இல்லை, தனக்கு. ஹெரிங்க்ஸ் மரம் மாதிரி நிற்பதுகூட அந்த இடத்தில் பொருந்திப்போகிறது, இவ்வளவு பெரிய பெண்ணுக்கு முன்னால் வேறு எப்படி நிற்பான். “உன் கையைக் கொடு” வரும்போது குரலின் நிறமே மாறிவிடுகிறது, வெளிச்சம் குறைவதைக் காதால் கேட்கலாம். அதற்குப் பிறகு புலம்பலில் அவர் ஒன்றுமே செய்யத் தேவையில்லை, பெரிதாக ஒன்றும் செய்யவும் இல்லை. ஒரே சுரத்தில் வரும் அந்த ‘ரிமெம்பர் மீ’யை ஒவ்வொரு தடவையும் வேறு எடையில் வைக்கிறார், அவ்வளவுதான்.

ஆகவே நான் வைத்துக்கொள்வது பேக்கர். சூனியக்காரிகளுக்காகப் பாரட்டை ரகசியமாக இன்னொரு அலமாரியில் ஒளித்து வைப்பேன்.

வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியது, பேக்கர் இதே ஓபராவை 1970-களில் இன்னொரு முறை பதிவு செய்தார், பீட்டர் பியர்ஸ் ஈனியஸாக. உறையில் பெயரை மட்டும் பார்த்தால் மாறிவிடும், லூயிஸ் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். செயலியில் கேட்பவர்கள் இடைவெளி இல்லாமல் ஒலிக்கும் அமைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். நான் பயன்படுத்தும் ஒன்றில் “உன் கையைக் கொடு” முடிந்ததும் இரண்டு வினாடி நிசப்தம், அப்புறம்தான் புலம்பல். ஒரு நாள் அந்த இரண்டு வினாடிக்குள் ஒரு பிஸ்கட் விளம்பரமும் வந்தது.

வீட்டில் ஓட்டெடுப்பு நடத்தினேன். பேக்கருக்கு ஒரு ஓட்டு, அது என்னுடையது. மற்ற ஓட்டு ஆய்முக்கு, காரணம் கேட்டதற்கு “அந்தக் கிழவி நல்லாப் பாடுது” என்று பதில். மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.